அகச்சிவப்பும் ஒரு கைநாட்டும்

1

ஊரில் இன்று தீபம். அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே காலை ஒன்பதரை. நான் இருக்கிற லா செரேனா தென் அமெரிக்காவில், சிலி நாட்டில், கடல் ஓரமாக இருக்கும் ஊர். காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து எதிர்வீட்டு வாசலைக்கூட மறைத்துவிடும். சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அதில் நம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் நெருப்பு எழுந்தது. போனின் சின்ன ஓட்டை வழியாக அரோகரா சத்தம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. என் மகள் அமுதா வேலைக்குப் போயிருந்தாள். இருந்தாலும் எனக்குக் கூச்சம்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து போனில் ஒரு செய்தி வந்து, சரியாக மலை உச்சியை மறைத்துக்கொண்டு நின்றது.

"அம்மா, தீபம் பாத்தீங்களா? ஐயா ஒரு விஷயம் கேக்கச் சொன்னாரு. தப்பா நெனைக்காதீங்க. நீங்க அனுப்பின வாழ்த்துரைல இருக்கற கையெழுத்து நீங்க போட்டதா, அமுதா மேடம் போட்டதா? பழைய ரிஜிஸ்டர்ல உங்க கைநாட்டுதான் இருக்குதாம்."

அனுப்பியவர் ஷமீம் டீச்சர். அமுதா படித்த பள்ளிக்கூடத்துக்கு இது பொன்விழா வருஷம். அதற்கு மலர் போடுகிறார்கள், அந்த வேலையை ஷமீம் டீச்சர்தான் பார்க்கிறார். நல்ல பெண். பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஐயா" என்று அவர் சொல்வது அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, முப்பது வருஷத்துக்குமேல் தலைமையாசிரியராக இருந்தவரை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் என் பெயரைச் சரியாக எழுதவில்லை, நான் அவர் பெயரை எழுதவே இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இதே கேள்வியை அவர் முப்பது வருஷத்துக்கு முன்னாலும் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். மலரில் "கடல் கடந்தவர்கள்" என்று ஒரு பகுதி இருப்பதாக ஷமீம் டீச்சர் முன்பு சொன்னார். அதில் இதை அப்படியே போட வேண்டும்.

2

என்னை ஊரில் பல பேருக்குத் தெரியாது. தெரியும்படி நான் நடந்துகொண்டதில்லை. அடி அண்ணாமலை என் ஊர். என் வீட்டுக்காரர் ஏழுமலை கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டினார். அமுதா எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் அறை கழுவினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் படித்தேன். மளிகை கட்டி வரும் பேப்பரை விரித்துப் படிக்காமல் தூக்கிப் போட்டதில்லை. பாதியில் கிழிந்த செய்திக்கு மீதியை நானே மனதில் எழுதிக்கொள்வேன்.

இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. அமுதா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது பற்றி நான் கேட்பதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. நான் இருந்தால் துணை என்று கூப்பிட்டாள், வந்தேன். காலையில் ரொட்டியில் அவகாடோவை நசுக்கித் தடவிக்கொண்டு ஓடுவாள். மதியம் வந்து ரசம் கேட்பாள். இரண்டுக்கும் நடுவில் நான் ஜன்னலில் பனி விலகுவதைப் பார்ப்பேன். இங்கே பப்பாளி சின்னதாக, மஞ்சளாக, வாசனை தூக்கலாக இருக்கும். வந்த புதிதில் நம் ஊர்ப் பழம் மாதிரி அறுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் பதறிப்போய்க் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சர்க்கரைப் பாகில் வேகவைத்துத்தான் தின்ன வேண்டுமாம். ஆறு வருஷத்தில் இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி இந்த மாதிரிதான். முதலில் தின்றுவிடுவேன், பிறகு யாராவது சொல்வார்கள்.

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து போட்டார்கள். விதை, காய், இலை எதுவும் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. என் புளி போயிற்று. மிளகாய் போயிற்று. கறிவேப்பிலைக் காம்பைக்கூட எண்ணி எடுத்தார்கள். கடைசியில் ஒரு தகர டப்பாவைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார்கள். திறந்து பார்த்தார்கள். முத்திரை போடுகிற மைப் பஞ்சு, ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது. அமுதாவுக்கே அது பெட்டியில் இருப்பது தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். புளியைப் பிடுங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டார்களே என்று அப்போது நினைத்தேன். அந்த டப்பாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு குடியிருப்பு அட்டை வாங்கப் போனோம். இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர். முதலில் அப்பா வழிப் பெயர், அடுத்து அம்மா வழிப் பெயர். என் அம்மாவின் குடும்பப்பெயர் என்ன என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். என் அம்மா குப்பம்மாளுக்குக் குடும்பப்பெயர் ஏது? இருந்ததே அந்த ஒரு பெயர், அதையும் ஊரில் யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை. அமுதா அரை மணி நேரம் விளக்கினாள். அந்தப் பெண் ரொம்பப் பாவமாக என்னைப் பார்த்தாள், அநாதை என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, விரலை நீட்டச் சொல்லி ஏதோ சொன்னாள். ஸ்பானிஷில் கைரேகைக்கு "உவேயா" என்று பேர். என் காதில் அது "வைய்யா" என்றுதான் விழுந்தது. கை வைய்யா, கை வைய்யா. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் மறுபடி சொன்னாள். எனக்கு வேர்த்துவிட்டது. "நான் கையெழுத்து போடுவேன்னு சொல்லுடி" என்று அமுதாவிடம் சொன்னேன். இங்கே இரண்டும் வேணும்மா, எல்லாருக்குமே இரண்டும்தான் என்றாள் அமுதா. சரி என்று விரலை வைத்தேன். அடுத்து ஒரு பலகையில் கையெழுத்து. ஏ. பச்சையம்மாள் என்று நிதானமாகப் போட்டேன். அந்தப் பெண் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்து ஆளையும் கூப்பிட்டுக் காட்டி, என்னவோ சொன்னாள். எழுத்து ரொம்ப அழகா இருக்காம், வரைஞ்ச மாதிரி இருக்காம் என்றாள் அமுதா.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். காற்று என்று அமுதாவிடம் சொன்னேன்.

3

அமுதாவின் வேலை நட்சத்திரம். ராத்திரியில் மொட்டை மாடியில் நின்று பார்க்கிற வேலை இல்லை. இங்கே மலைகளின் மேல் பெரிய பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. அவை எடுக்கும் படங்களைப் பகலில் ஆபீசில் உட்கார்ந்து ஒப்பிடுவாள். அதைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரச் சொல்லி மலருக்காகக் கேட்டிருந்தார்கள். அவள் தமிழ் துருப்பிடித்துப்போய்விட்டது. இங்கிலீஷில் எழுதி, கம்ப்யூட்டரையே தமிழாக்கச் சொல்லி, பேப்பரில் எடுத்து என்னிடம் கொடுத்தாள். நீதான் தினம் தமிழ் படிக்கிறாய், தப்பு இருந்தால் திருத்து என்றாள். என்னிடம் ஒருவர் எழுத்தைத் திருத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விரலை வரிக்கு அடியில் வைத்துத் தலைப்பைப் படித்தேன். "இளம் நட்சத்திரங்களின் நீண்டகால அகச்சிவப்புச் சீற்றங்கள்."

"நட்சத்திரத்துக்கு யார் மேலடி இவ்ளோ கோவம்?" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கோவம் இல்லம்மா. வெளிச்சம் திடீர்னு ஜாஸ்தி ஆவுது, அவ்ளோதான். மெஷின் தப்பாப் போட்டுடுச்சு. மாத்திடு."

"அகச்சிவப்புன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சாயங்காலம் நம்ம மலை ஓரமா நடந்தா, மலை இருட்டா நிக்கும். ஆனா பாறை பக்கம் இருக்கற கன்னத்துல மட்டும் அனல் அடிக்கும் இல்ல? பகல்லாம் வாங்கின சூட்ட விடுது. கண்ணுக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். அதுதாம்மா அகச்சிவப்பு."

அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போகப் பிடிக்கும், கேட்டேன். நட்சத்திரம் பிறக்கும் இடம் தூசி மூட்டமாம். குழந்தை நட்சத்திரத்தைத் தூசி முழுசாக மூடியிருக்குமாம். சாதாரணக் கண்ணாடியால் பார்த்தால் வெறும் இருட்டு. சூட்டைப் பார்க்கிற கருவிக்குத்தான் உள்ளே ஒருத்தி இருப்பது தெரியும். அதைச் சுற்றித் தட்டு மாதிரி தூசும் காற்றும் சுழலும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அது வளரும். திடீரென்று ஒரு நாள் தட்டில் இருப்பது ஏகமாய் உள்ளே சரியும். அப்போது அது பல மடங்கு கொதித்து எழும். சிலது சில மாசத்தில் அடங்கிவிடும். சிலது அடங்காது. அமுதா பார்ப்பது அந்த அடங்காத ரகத்தை.

பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதல் படத்தில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமான ஒரு புள்ளி. இரண்டாவதில் அதே இடத்தில் பெரிய பொட்டு மாதிரி.

"எப்ப எறங்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. ஏறினதுலேந்து இன்னும் எறங்கவே இல்ல. நூறு வருஷம்கூட இருக்கலாம்."

எங்கள் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்த தோலைக் களத்து ஓரம் குவித்து நெருப்பு வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் மேலே எல்லாம் சாம்பலாகிவிடும். மூன்றாம் நாள் ஏதாவது ஆடு அதில் கால் வைத்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடும். நான் அந்த இரண்டாவது படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது புதிதாக இல்லை.

அவள் கட்டுரையில் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் திருத்தினேன். சீற்றத்தை மட்டும் மாற்றவில்லை. மாற்று என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். கோபம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மெஷின் தப்பாகப் போட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.

4

அமுதாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன நாளைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வேனை விட்டு வர முடியாது, நான்தான் கூட்டிப்போனேன்.

அதற்கு முன்னால் நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை, தேவை வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் போடச் சொல்வார்கள் என்று தெரிந்து, பத்து நாள் மளிகைப் பேப்பரின் ஓரத்தில் எழுதிப் பழகினேன். ச்-சின் மேல் புள்ளி தள்ளிப் போகும். ள்-ளின் சுழி கோணிக்கொள்ளும். அமுதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வாள். கடைசி நாள் நேராக வந்தது. நீல மூடி போட்ட பேனா ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஆபீஸ் ரூமில் நாலைந்து பெற்றோர் இருந்தார்கள். தலைமையாசிரியர் என் கையைப் பார்த்தார். ஃபினாயிலில் வெடித்த கை. எங்கே வேலை என்று கேட்டார். ரூம் கழுவற வேலைங்க என்றேன். அதற்குமேல் அவர் நிமிரவில்லை. மை டப்பாவை என் பக்கம் தள்ளி, கைநாட்டு வை என்றார். பேனா என் உள்ளங்கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை நான். எனக்கு எப்போதுமே அப்படித்தான், நாலு பேர் பார்த்தால் பேச்சு வராது.

அமுதா பேசினாள். பத்து வயசு. "சார், எங்கம்மாக்குக் கையெழுத்து போடத் தெரியும் சார்."

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்க. கோழி கிறுக்கின மாதிரி போட்டு ரிஜிஸ்டர வீணாக்குவாங்க. வைம்மா."

கிளார்க் என் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, ரிஜிஸ்டரில் அழுத்தினார். அதற்குக் கீழே தலைமையாசிரியர் தன் கையால் என் பெயரை எழுதினார். "பச்சம்மா." நான் பச்சையம்மாள். அவ்வளவு பெரிய படிப்பாளிக்கு என் பெயரில் இரண்டு எழுத்து ஜாஸ்தியாகத் தெரிந்திருக்கிறது.

இது மட்டும் என்றால் நான் மறந்திருப்பேன். கைநாட்டு வைத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அது ஒன்றும் கேவலம் இல்லை. அடுத்து நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது.

காலாண்டுப் பரீட்சையில் அமுதா முதல் ரேங்க். ரேங்க் கார்டைக் கொண்டுவந்தாள். அதே நீலப் பேனாவால், அன்று போட முடியாத கையெழுத்தை அதில் போட்டேன். நேராக வந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளை முட்டியில் ரத்தம் காய்ந்து வந்தாள். கார்டில் என் கையெழுத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்கே "போலி" என்று எழுதியிருந்தது. காலைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, உங்க அம்மா கைநாட்டு, இந்தக் கையெழுத்து எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாராம். அம்மா போட்டது என்று இவள் சொன்னாளாம். திருட்டோடு பொய் வேறயா என்று மைதானத்தில் மதிய மணி அடிக்கும்வரை வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறார். ஏற்கெனவே உள்ளங்கையில் ஆறு அடி. என் விரலை அவரே மையில் அழுத்த வைத்தார். அந்த விரலையே சாட்சியாக வைத்து என் பிள்ளையைத் திருடி ஆக்கினார்.

அடுத்த நாள் நான் போனேன். பேனாவை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் கண் முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று. கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தின் கீழே முதல் மணியிலிருந்து இன்டர்வெல் வரை நின்றேன். வாட்ச்மேன் வந்து யார் வேணும்மா என்று கேட்டார். ஒண்ணும் இல்லபா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவரை நான் மன்னிக்காததற்கு ஒரு காரணம் அவர். இன்னொரு காரணம் அந்த மரத்தடியில் நின்ற நான்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மை டப்பா வாங்கினேன். பன்னிரண்டாவது முடியும்வரை, ஏழு வருஷம், ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் கைநாட்டு வைத்தேன். எழுதத் தெரிந்த கையால். பிள்ளைக்கு அடி விழக்கூடாது என்று. என் ரேகைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் பச்சை மையில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அந்த ஏழு வருஷமும் வீட்டில் நானும் அமுதாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் மையை எடுப்பேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

5

மூன்று மாசம் முன்னால் ஷமீம் டீச்சர் அமுதாவைத் தேடிப்பிடித்துப் பேசினார். மலரின் முதல் பக்கத்தில் அமுதா படம், கட்டுரை, அதற்குக் கீழே பெற்றோர் வாழ்த்துரை என்று ஏற்பாடு. ஐயாவும் உங்களோடு பேச ஆசைப்படுகிறார் என்று ஒரு நாள் வீடியோவில் அவரைக் காட்டினார்.

நாற்காலியில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். "யாரு, பச்சம்மாவா? நம்ம அமுதா எந்த ஒசரத்துக்குப் போய்ட்டா பாத்தியா? நாம போட்ட வெதைம்மா."

நாம. அந்த வார்த்தை என் காதில் எப்படி விழுந்தது என்று எழுதத் தெரியவில்லை.

முப்பது வருஷம் பேசாத வாய் அன்றைக்கு எப்படியோ திறந்தது. "சார், ஒண்ணு சொல்லணும்ங்க. ஆறாவதுல அமுதா ரேங்க் கார்டுல இருந்த கையெழுத்து நான் போட்டதுங்க. அவ போடல. அத நீங்க அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"எந்தக் கார்டும்மா? எத்தினி ஆயிரம் புள்ளைங்க. எனக்கு ஞாபகம் இல்லியே" என்றார். பிறகு பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, "கண்டிச்சு வளத்ததாலதான இன்னிக்கு நட்சத்திரம் எண்ணுது" என்றார்.

போன் கை மாறியது. ஷமீம் டீச்சர் சமாதானமாகப் பேசினார். ஐயாவுக்கு ஞாபகம் முன்னைப்போல இல்லை, கை நடுக்கம் வேறு, இப்போதெல்லாம் பேனா பிடிக்க முடிவதில்லை, பேங்கில்கூடக் கட்டைவிரல்தான் வைக்கிறார் என்று சொன்னார்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். அடுப்படியில் தனியாக நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு கிழவரின் நோயைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

அமுதாவிடம் சொன்னேன், அவர் தப்பை ஒத்துக்கொள்ளாமல் நீ கட்டுரை கொடுக்காதே என்று. அவள் என்னைப் பார்க்காமல், "விடும்மா. எனக்கே அதெல்லாம் ஞாபகம் இல்ல" என்றாள். அதுதான் என்னைச் சுட்டது. அவள் இந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாள், அவளுக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது, இதைச் சுமந்துகொண்டு திரிவது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். சரி என்று வாழ்த்துரையை நாலு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படம் எடுத்து அனுப்பினாள்.

அதற்குத்தான் இன்று காலை, தீபத்தின் நடுவில், அந்தக் கேள்வி வந்தது. ஞாபகம் இல்லாத மனுஷருக்கு ரிஜிஸ்டரில் இருக்கும் என் விரல் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

6

மதியம் அமுதா சாப்பிட வந்தாள். பனி விலகி வெயில் வந்திருந்தது. ஜன்னலில் ஏற்றி வைத்திருந்த அகல் வெயிலில் எரிவது தெரியவில்லை. அந்தச் செய்தியைத் திறந்து போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படித்தாள். ரசத்தில் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"முட்டி போட்ட எடத்துல மல்லாட்டைத் தோலு கெடந்துச்சு" என்றாள். "பசங்க தின்னுட்டுப் போட்டது. நகந்துக்கலாம்னு பாத்தேன். நகந்தா இன்னும் அடிப்பாருன்னு நகரல. எதிர்ல செவுத்துல தேசிய கொடி வரைஞ்சிருக்கும். அந்தச் சக்கரத்துல கம்பி எத்தினின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். வரைஞ்சவன் ரெண்டு கம்மியா வரைஞ்சிருந்தான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "ஞாபகம் இல்லன்னியேடி."

"சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"எத்தினி வருஷமா?"

"நீ எத்தினி வருஷமா?"

பெற்ற பிள்ளையைத் தினமும் பார்க்கிறேன். தலை வாரிவிட்டேன், சோறு போட்டேன், அவள் பூசிக்கொண்ட இந்த ஊர் பாஷையையும் சிரிப்பையும் பார்த்து, உள்ளே ஆறிவிட்டது என்றே இருந்துவிட்டேன். அவள் ஆயிரம் படத்தை வைத்துக்கொண்டு வானத்தில் எதைத் தேடுகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து ஷமீம் டீச்சருக்கு அவளே குரலில் செய்தி அனுப்பினாள். நிதானமாகத்தான் பேசினாள். என் கட்டுரை வேண்டாம், எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக எங்க அம்மா எழுதுவதைப் போடுங்கள். அதைப் போடவில்லை என்றால் என் படமும் வேண்டாம், பேரும் வேண்டாம், நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று எங்கேயும் சொல்ல வேண்டாம். போடுவதாக இருந்தால் என் பேரை முழுசாகப் போடுங்கள். இங்கே ஆபீசிலும் அவள் எழுதும் ஆராய்ச்சியிலும் இந்த நாட்டு வழக்கப்படி அவளுக்கு இரண்டு குடும்பப்பெயர். அமுதா ஏழுமலை பச்சையம்மாள். எல்லா எழுத்தும், ஒன்றும் குறையாமல். வந்த முதல் வருஷமே அப்படிப் பதிந்திருக்கிறாள். இத்தனை வருஷம் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "நோட்டு எடு. நீயே எழுது. எவ்ளோ வேணா எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். இங்கே சாயங்காலம் ஆகிவிட்டது. கோடு போட்ட நோட்டில் பதினெட்டுப் பக்கம். படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்தைச் சந்தேகப்படுகிறவர் பதினெட்டுப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சார், உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பெரிய மனுஷர், ஊரில் எத்தனையோ பிள்ளைகளை ஆளாக்கியிருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் போகட்டும் விடு என்று சொல்வார்கள். நான் விடமாட்டேன். நூறு வருஷம்கூட இறங்காமல் இருக்கலாம் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள், எனக்கு அவ்வளவு ஆயுசு இல்லை, இருக்கிறவரை எரியட்டும். எனக்கு மன்னிப்பு வேண்டாம், உங்களுக்கும் நான் கொடுக்கப்போவதில்லை. வேண்டியது ஒரே ஒரு வரி. இந்தக் கட்டுரைக்குக் கீழே, ஷமீம் டீச்சர் கையால் எழுதி, மலரில் அச்சாக வேண்டும்:

"ஆறாம் வகுப்புக் காலாண்டு ரேங்க் கார்டில் இருந்த கையெழுத்து பச்சையம்மாள் போட்டது. அமுதா பொய் சொல்லவில்லை."

அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். பேனா பிடிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை. என் மை டப்பாவை நாளைக் காலை பார்சலில் போடுகிறேன். காய்ந்திருக்கும், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஊறிவிடும். ஏழு வருஷம் வைத்த அனுபவத்தில் சொல்கிறேன், லேசாக வைத்தால் ரேகை விழாது. கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைக்க வேண்டும். உங்களால் முடியாவிட்டால், மணிக்கட்டைப் பிடித்து அழுத்த யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரை நான் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதித் தருகிறேன்.

என் கையால்,
ஏ. பச்சையம்மாள்